15 சென்ட் இடமும் இரண்டு கடவும்

கோவை வடவள்ளியில், நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிட நாங்கள் ஒரு நாய்ப் பூங்கா அமைத்த கதை இது. எங்கள் நாய் செவலை, சிப்பிப்பாறைக் கலப்பு. மருதமலை ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் படுத்துக் கிடந்த குட்டியை என் மகன் தூக்கி வந்தான். ஒரு வருடத்தில் உடம்பு ஒட்டி, கால் மட்டும் நீண்டு, நிற்கும்போதே ஓடப் போகிற மாதிரி ஆகிவிட்டது. முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். காலையில் ஒரு மணி நேரம் சங்கிலியில் நடத்திவிட்டு வந்தாலும் ஹாலுக்குள் எட்டுப் போட்டுக்கொண்டே இருப்பான். நடை வேறு, ஓட்டம் வேறு என்று அவன் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

2022 மார்கழியில் ஒரு நாள் சங்கிலிக் கொக்கி நழுவி, பக்கத்துக் காலி சைட்டில் மேய்ந்த கோழியை விரட்டிவிட்டான். கோழி பிழைத்துக்கொண்டது, வால் இறகு மட்டும் போச்சு. கோழிக்காரம்மாவுக்கு 600 ரூபாய் கொடுத்தேன். எங்கள் நாய்ப் பூங்காவின் கணக்கு நோட்டு இருந்திருந்தால் முதல் வரியாக அந்த 600 தான் இருக்க வேண்டும்.

இடம் ஒன்று கண் முன்னாலேயே இருந்தது. வடவள்ளி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. எங்கள் லேஅவுட் 4 ஏக்கர். அதில் பத்தில் ஒன்று, 40 சென்ட், ரிசர்வ் சைட். பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். யாரோ வீடு இடித்த செங்கல் குவியல் ஒரு பக்கம், தெருநாய்கள் மூன்று ஒரு பக்கம், மேற்கு மூலையில் ஒரு பெரியவரின் மாடு ஒன்று. அவரை நாங்கள் எல்லோரும் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம்.

ரிசர்வ் சைட் யாருடையது என்பதில் எங்களுக்கே தெளிவில்லை. சங்கத்து ஆட்கள் ‘நம்ம இடம்’ என்றார்கள். இல்லை. லேஅவுட் போடுகிறவர் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே கொடுக்க வேண்டும். ஆகவே அது மாநகராட்சி நிலம், ஊருக்கே பொது. அதில் சங்கம் தன் இஷ்டத்துக்கு வேலி போடவும் முடியாது, ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று போர்டு வைக்கவும் முடியாது. உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால் முதலில் அந்தப் பத்திர நகலைக் கையில் வாங்குங்கள். நாங்கள் அதை வாங்கவே இரண்டு மாதம் அலைந்தோம். ஆனால் பிறகு எந்த அதிகாரி மாறி வந்தாலும் அந்த ஒரு காகிதம்தான் பேசியது.

முதல் மனுவை நான்தான் எழுதினேன், அழகான இங்கிலீஷில். ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018-ல் மாநகராட்சியே நாய்ப் பூங்கா திறந்திருக்கிறது. 1.3 ஏக்கர், செலவு ஒரு கோடிக்கு மேல். அதன் படங்களை எல்லாம் கலர் பிரிண்ட் எடுத்து இணைத்திருந்தேன். நான் செய்த முட்டாள்தனங்களில் அது முக்கியமானது. மாநகராட்சி அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவர் படத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “மேடம், அங்க டிரைனேஜ் நாறுதுன்னு தினம் பத்து மனு வருது. நீங்க நாய்க்கு நீச்சல் குளம் கேக்கறீங்க.” நான் நீச்சல் குளம் கேட்கவில்லை, படத்தில் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அதைவிடப் பலமான அடி எங்கள் தெருவிலேயே விழுந்தது. விஷயம் கசிந்த அன்று மாலையே என் வாசலில் ஏழெட்டுப் பேர். “ஏனுங் அம்மிணி, கொழந்தைக்கு ஒரு ஊஞ்சல் இல்ல. நாய்க்குப் பார்க்குங்களா?” என்று கேட்டார் கடைசி வீட்டு அக்கா. அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “தொண்டுப்பட்டியாட்டக் கட்டப் போறாங்களாமா” என்றார். வழிதவறிய மாட்டை அடைத்து வைத்து, அபராதம் கட்டினால்தான் விடுவார்களே, அந்தப் பட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் மூன்று மாதம் என்னைப் பார்த்தால் “தொண்டுப்பட்டி என்னாச்சுங்?” என்பதுதான் விசாரிப்பு.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர் மட்டும். ரிசர்வ் சைட்டை ஒட்டிய வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். படுக்கை அறை ஜன்னலிலிருந்து வேலிக்கு 30 அடி கூட இருக்காது. “குரைப்புச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் போயிரும். நான் கோர்ட்டுக்கே போவேன்” என்றார், மெதுவாக. கத்துகிறவர்களைவிட இப்படி மெதுவாகச் சொல்கிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.

நாய் வளர்ப்பவர்கள் கூடி உட்கார்ந்து கணக்கெடுத்தோம். எங்கள் லேஅவுட்டில் 58 வீடு, அதில் 16 வீட்டில் 19 நாய். அக்கம்பக்கத்து இரண்டு லேஅவுட்டையும் சேர்த்தால் 41 நாய். நாய் இல்லாத வீடுதான் எங்கும் பெரும்பான்மை. அப்படி இருக்க 40 சென்ட்டையும் நாள் முழுக்கக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? கேட்பதைக் குறைத்தோம். 40 சென்ட்டில் 15 மட்டும், நாள் முழுக்க வேண்டாம், காலை 6 முதல் 8.30, மாலை 4.30 முதல் 6.30. அதுவும் ஆறு மாதச் சோதனைக்குத்தான். இந்தச் சோதனை யோசனை என் தம்பி மகள் சொன்னது. அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில், சுரங்க ரயிலுக்காகத் தோண்டி மூடிய நிலத்தில் 1979-ல் வந்த நாய்ப் பூங்காதான் உலகத்துக்கே முன்னோடி என்கிறார்கள். அதற்கும் முதலில் சோதனை முயற்சி என்றுதான் பெயர்.

இரண்டாவது மனு தமிழில், ஒரே பக்கம். தலைப்பில் நாய் இல்லை. ‘ரிசர்வ் சைட்டைச் சுத்தம் செய்து நடைபாதை, குழந்தைகளுக்கு ஊஞ்சல், வளர்ப்புப் பிராணிகளுக்குத் தனித் தடுப்பு அமைத்தல்.’ இதை ஏமாற்று என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊஞ்சல் உண்மையிலேயே தேவைப்பட்டது. கேட்க ஆள்தான் இல்லாமல் இருந்தது.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் கைகொடுத்தது. மொத்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் மதிப்பீடு 6 லட்சம் வந்தது, நாங்கள் புரட்ட வேண்டியது 2 லட்சம். 26 வீடுகள் கொடுத்தன, அதில் பல வீட்டில் நாயே கிடையாது. ஊஞ்சலுக்காகக் கொடுத்தார்கள். பங்குத் தொகைக்கான வரைவோலை கையில் இருந்தபோது அலுவலகத்தில் கிடைத்த நாற்காலி, வெறும் மனுவோடு போனபோது கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் விஷயம் மட்டும் நின்றது. என் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். “அவரையே விதி எழுதச் சொல்லு. சாவியும் அவருகிட்டயே குடு.” எனக்குக் கோபம்தான் வந்தது. எதிராளியிடம் சாவியா? ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. பலகாரம் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு போனேன், லஞ்சம் மாதிரி இருக்கக் கூடாது என்று. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பதினோரு விதி. ‘குரைப்பை நிறுத்தாத நாயை ஐந்து நிமிடத்துக்குள் வெளியே கூட்டிச் செல்லவும்’ என்பது மூன்றாவது. மாலை 6.30-க்கு அவரே பூட்டுவார் என்பது கடைசி. இரண்டை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்டோம். ஒன்றை மாற்றினார்.

6.30-க்குப் பூட்டுவதில் இன்னொரு நன்மையும் இருந்தது. மருதமலை அடிவாரம் பக்கத்தில். சிறுத்தை நடமாட்டம் என்று அவ்வப்போது செய்தி வரும் பகுதி, நாய் என்றால் சிறுத்தைக்கு நல்ல இரை. இருட்டின பிறகு அங்கே விளக்குப் போட்டுக் கூட்டம் சேர்ப்பது புத்தியில்லை. மலைப்பக்கம் இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலி. 15 சென்ட் என்பது 99 அடிக்கு 66 அடி, சுற்றளவு 330 அடி. எட்டு அடிக்கு ஒரு கல்லுக்கால், ஐந்து அடி உயரத்துக்கு வலைக்கம்பி. ரோட்டுப் பக்கம் மட்டும் ஆறு அடி, ஏனென்றால் செவலை மாதிரி ஆட்கள் ஐந்தடியை ஒரு கணம் யோசித்துப் பார்ப்பார்கள். கம்பியின் அடியில் ஒரு அடி பள்ளம் எடுத்துக் கான்கிரீட் போட்டோம். மேலே எம்பித் தாண்டுகிற நாயைவிடக் கீழே பறித்துக்கொண்டு போகிற நாய்தான் அதிகம். பீகிள் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

இதில் ஒரு பெரிய தப்பு செய்தோம். கதவு ஒன்றே ஒன்று வைத்தோம், அதுவும் மூலையில். 2024 தை மாதம் திறந்தோம். ஒன்பதாம் நாள் ஒருவர் உள்ளே வரக் கதவைத் திறக்க, புதிதாக வருகிற நாயை முகர்ந்து பார்க்க உள்ளே இருந்த நாய்கள் அத்தனையும் ஓடி வந்து மூலையில் நெருக்கிக்கொண்டன. வந்த நாய் பயந்து சீறியது. அந்தக் களேபரத்தில் ஒரு லாப்ரடார் வெளியே பாய்ந்து மருதமலை ரோடு வரைக்கும் போய்விட்டது. தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் வேறு. நல்லவேளை, அது ஒரு டீக்கடை முன்னால் நின்று யாரோ போட்ட பன்னைத் தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு மாட்டை அவிழ்க்க வந்த அப்பாரு வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பட்டிக்கு ஒத்தக் கடவு வெச்சா இப்படித்தானுங்க. எங்கூர்ல பட்டிக்குள்ள ஒரு படல், வெளிய ஒரு படல். ஒண்ணச் சாத்தாம இன்னொண்ணத் தொறக்கறதில்ல.” அவர் பிறந்தது காங்கயம் பக்கம். இணையத்தில் நான் படித்த எல்லா வழிகாட்டிகளிலும் இரட்டைக் கதவு என்று இருந்தது. செலவைப் பார்த்து நாங்கள்தான் வெட்டிவிட்டோம். அப்பாரு சொன்னபோதுதான் உறைத்தது.

கதவை 99 அடிப் பக்கத்தின் நடுவுக்கு மாற்றி, எட்டுக்கு ஆறு அடியில் ஒரு சின்னக் கூண்டு எடுத்து, இரண்டு கடவு வைத்தோம். இரண்டும் உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், அப்போதுதான் நாய் முட்டித் தள்ளினாலும் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கூண்டுக்குள் நிறுத்திச் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். சங்கிலியோடு ஒரு நாயை அவிழ்த்த நாய்களுக்கு நடுவே கொண்டுபோனால், ஓட முடியாது என்று அதற்குத் தெரியும், முதலில் கடித்துவிடும். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் நுழைவாயிலில் நடந்தவை. இரண்டு கதவு வைக்கப் பணம் இல்லையென்றால் ஊஞ்சலைக் கூடக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள் என்று எழுத வந்தேன். கடைசி வீட்டு அக்கா படித்தால் சண்டைக்கு வருவார். இரும்பு பெஞ்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாருவிடம் கற்றது இன்னொன்றும் உண்டு. வலைக்கம்பி வழியாக ரோட்டில் போகிற ஒவ்வொரு பைக்கும் நாய்க்குத் தெரிகிறது, குரைக்கிறது, வாத்தியார் ஜன்னலைத் திறக்கிறார். கிரீன் நெட் கட்டினோம், ஆடிக் காற்றில் கிழிந்து பறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு முன்னால் அது எம்மாத்திரம். “கிளுவை வெய்யுங்” என்றார் அப்பாரு. காங்கயம் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் காடுகளில், கொழுக்கட்டைப் புல்லைச் சுற்றி மாட்டுக்குக் காவலாக நிற்கிற அதே முள்வேலி. போத்து, அதாவது கிளைக்குச்சி, வெட்டி நட்டால் போதும், அதிகம் தண்ணீர் கேட்காது. முள் கண்ணில் படாமல் இருக்க, கம்பிக்கு வெளிப்பக்கம் இரண்டு அடி தள்ளி நட்டோம். அடர்வதற்குச் சில வருடம் ஆகும் என்று சொல்லித்தான் நட்டார். இடைப்பட்ட காலத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம், அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் குரைப்பு பாதியாகக் குறைந்தது.

தரையைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினோம், நெருஞ்சியை விட்டுவிட்டோம். முதல் வாரமே நாய்கள் மூன்று காலில் வந்தன. கிழக்கு ஓரத்தில் அழகுக்கென்று யாரோ நட்ட அரளியைப் பிடுங்கினோம், அது முழுக்க விஷம். காட்டில் தானாக முளைத்த ஆமணக்கும் போனது. பொள்ளாச்சியிலிருந்து நார்க்கழிவு ஒரு லோடு இலவசமாகக் கிடைத்ததென்று கொட்டினோம். மழைக்கு அது ஊறிச் சேறாகி, கடைசியில் அள்ளிப் போட ஆள்கூலி கொடுத்தோம். இப்போது இருப்பது சரளையும் செம்மண்ணும், மூலையில் கொழுக்கட்டைப் புல்.

பெரிய ஆபத்து ஒன்று மயிரிழையில் தப்பியது. நிழலுக்கென்று ஒரு வேம்பும் இரண்டு புங்கனும் நடக் குழி எடுத்தோம். தோட்ட வேலைக்கு வந்தவர் நல்ல மனசோடு குழிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு கொண்டுவந்திருந்தார், கரையான் வராது என்று. புண்ணாக்கு வாசனைக்கு நாய் குழியைப் பறித்துத் தின்னும், கொஞ்சம் தின்றாலும் உயிருக்கு ஆபத்து. எங்கள் கூட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்ததால் மூட்டையைப் பார்த்ததும் கத்திவிட்டார். வேப்பம் புண்ணாக்குப் போட்டோம். வீட்டில் நாய் இருந்து ரோஜாவுக்கு எரு வைப்பவர்களும் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே டாக்டர்தான் நுழைவு விதியையும் சொன்னார். வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்ட அட்டை வேண்டும். நான்கு மாதம் ஆகாத, ஊசிகள் முடியாத குட்டிக்கு அனுமதி இல்லை, பார்வோ கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். பருவத்துக்கு வந்திருக்கிற பெண் நாய் அந்த வாரங்களில் வரக் கூடாது. தீனியும் பந்தும் கூட்ட நேரத்தில் வேண்டாம். எல்லா நாய்க்கும் இந்த இடம் ஏற்றதில்லை என்றும் சொன்னார், அதுதான் பலருக்குக் கசந்தது. ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, வீட்டில் தங்கம், இங்கே வந்தால் வேலியை ஒட்டியே நடுங்கிக்கொண்டு நிற்கும். அதன் எசமானி அதை இழுத்து இழுத்து வந்தார். இப்போது காலை 8.30-க்கு மேல் அதற்கு மட்டும் கால் மணி நேரம் திறந்துவிடுகிறோம்.

சின்ன நாய், பெரிய நாய் என்று பிரிக்க இன்னொரு வேலிக்குப் பணமில்லை. நேரத்தைப் பிரித்தோம். மாலையில் திறந்ததும் முதல் முக்கால் மணி நேரம் குட்டை நாய்களுக்கு. ஒரு பொமரேனியன் கீச்சென்று கத்தி ஓடினால் வேட்டை நாய்க்கு அது முயல்தான். என் செவலையே ஒருமுறை அப்படித் துரத்தினான், கடிக்கவில்லை, ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நான் அப்போது போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து போன் பைக்குள். கடி பட்டால் என்ன செய்வது என்பதைப் போர்டிலேயே எழுதிவிட்டோம்: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது.

அந்தத் தெருநாய்கள் மூன்றையும் ‘எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்’ என்று சிலர் சொன்னார்கள். 2023 விலங்குக் கருத்தடை விதிகள்படி கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அது ஒருபுறம் இருக்க, அந்த இடம் எங்களுக்கு முன்னால் அவற்றுடையது. மூன்றுக்கும் அறுவை செய்து கொண்டுவந்து விட்டார்கள். சோறு வைப்பதை வேலியிலிருந்து தள்ளி, பின் தெரு முக்குக்கு மாற்றினோம், ஒரே நேரம், ஒரே ஆள். இப்போது அதில் ஒன்று வெளிக் கடவுக்கு முன்னாலேயே படுத்திருக்கும். எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறோம்.

மலம்தான் கடைசி வரை இழுத்தது. ஆளுக்கொரு செய்தித்தாள் கொண்டுவர வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் மறந்தார்கள், மீதிப் பேர் மறந்த மாதிரி இருந்தார்கள். ஒருநாள் தூய்மைப் பணியாளர் அக்கா தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “உங்க நாயிதானுங்க்கா? அப்ப நான் ஏனுங் அள்ளோணும்?” பதில் இல்லை. மூடி போட்ட தனித் தொட்டி வைத்து, முறை போட்டு நாங்களே கட்டி வைக்கிறோம். கொக்கிப்புழு மண்ணில் பரவினால் நாய்க்கு மட்டுமல்ல, செருப்பில்லாமல் ஓடுகிற குழந்தைக்கும் வரும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்த தேதியையும் அட்டையில் பார்க்கிறோம்.

தண்ணீர்த் தொட்டி வைத்தோம், கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் எச்சரித்துவிட்டுப் போனார்கள். இப்போது அவரவர் பாட்டில், அவரவர் கிண்ணம். சித்திரையில் புறங்கையைத் தரையில் ஐந்து எண்ணும் வரை வைக்க முடியவில்லையென்றால் திறப்பதில்லை. ஐப்பசி மழையில் தேங்கினால் தண்ணீர் வடியும் வரை பூட்டு, எலிக்காய்ச்சல் பயம்.

ஆறு மாதச் சோதனை முடிந்த அன்று கூட்டம் போட்டோம். வாத்தியார் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, “பூட்டுக்கு எண்ணெய் விடணும், மழைக்குத் துருப் பிடிக்குது” என்றார். பிறகு மறுபடியும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு இன்றைக்கும் நாய் பிடிக்காது. 6.25-க்கு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கிளுவை இப்போது நெஞ்சு உயரம் வந்திருக்கிறது. மேற்கு ஓரத்தில் ஆறு போத்து பட்டுப்போய்விட்டது, அந்த இடைவெளி வழியாகப் பைக் தெரிகிறது, செவலை குரைக்கிறான். வைகாசியில் புதுப் போத்து வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று அப்பாரு சொல்லியிருக்கிறார். அவர் மாட்டுக்கு மேற்கு மூலையில் முளைக்குச்சி அப்படியேதான் இருக்கிறது.